ஜேர்மனியின் கடன் கட்டுப்பாடு: லூடன்ஷைட்டிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் வாங்கிச் சீரழிந்த இலங்கை ஜேர்மனியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தங்கள் தலையங்கம் ஒன்றில் எழுதியிருந்தீர்கள். அரசு கடன் வாங்குவதை அரசியலமைப்பிலேயே கட்டிப்போட்ட நாடு அது என்று பாராட்டியும் இருந்தீர்கள். நான் யாழ்ப்பாணத்துக் கைதடியில் பிறந்தவள். 34 ஆண்டுகளாக ஜேர்மனியில் வாழ்கிறேன். லூடன்ஷைட் என்ற மலைநகரில், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் தாதியாக வேலை செய்கிறேன். தாங்கள் பாராட்டிய அந்தச் சிக்கனத்தின் விலையை எங்கள் ஊர் நான்கு ஆண்டுகளாகக் கட்டியது. தங்கள் வாசகர்களுக்கு அதையும் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 2, வியாழக்கிழமை. டோர்ட்முண்ட் நகரிலிருந்து பிராங்பேர்ட் பக்கமாகத் தெற்கே இறங்கும் ஏ 45 அதிவேக வீதியில், எங்கள் ஊரை ஒட்டி ரமேடே பள்ளத்தாக்கைக் கடக்கும் பாலத்தை அன்று மூடினார்கள். 453 மீட்டர் நீளம், ஏறக்குறைய 70 மீட்டர் உயரம். 1960களில் கட்டியது. நாளொன்றுக்கு 25,000 வாகனங்கள் போகும் என்று கணக்கிட்டுக் கட்டிய பாலத்தில் 64,000 வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. அன்று அளந்து பார்த்தபோது இரும்பு வளைந்து புடைத்திருந்தது தெரிந்தது. அதன்பின் அந்தப் பாலத்தின் மேல் வாகனங்கள் ஓடவேயில்லை. 2023 மே 7, ஞாயிறு நண்பகல், வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிர்க்குன்றில் ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் நின்றேன். சில நொடிகளில் எல்லாம் முடிந்து, புழுதி மட்டும் மெல்ல மேலே எழுந்தது. சிலர் கைதட்டினார்கள். என்னால் கைதட்ட முடியவில்லை. அதற்குள் ஒன்றரை ஆண்டாக அந்தப் பாலம் இல்லாமல் நான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

அதிவேக வீதியில் போக வேண்டிய லொறிகள் எல்லாம் ஒரு வெளிவாசலில் இறங்கி, ஊருக்குள் புகுந்து, அடுத்த வாசலில் மறுபடி ஏறின. போலந்து, லித்துவேனியா, நெதர்லாந்து என்று எல்லா நாட்டு இலக்கத் தகடுகளும் எங்கள் ஊர்ச் சந்திகளில் நின்றன. 2023 கோடையில், ஊருக்குள் வேலையில்லாத லொறிகள் வரக்கூடாது என்று தடை போட்ட பிறகே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

என் முதல் வீடு காலை ஆறரைக்கு. எண்பத்தெட்டு வயதான ஓர் அம்மா, நீரிழிவு நோயாளி. நான் போய்ச் சீனி அளந்து, ஊசி போட்ட பிறகுதான் அவர் காலை உணவைத் தொடலாம். அவருடைய வீடு அந்த மாற்றுப்பாதையில், வீதியிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கிறது. முன்பு என் வீட்டிலிருந்து எட்டு நிமிடத்தில் போய்விடுவேன். பாலம் மூடிய முதல் குளிர்காலத்தில் நாற்பது நிமிடம் எடுத்த நாட்கள் உண்டு. கதவைத் திறந்தால் மேசையில் பாணும் பட்டரும் ஜாமும் எடுத்து வைத்துக்கொண்டு, கையை மடியில் கட்டியபடி உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. "இன்றைக்கும் நின்றுவிட்டதா?" என்று மட்டும் கேட்பார். கண்ணாடி அலுமாரியில் அவருடைய கல்யாணத்துக்கு வந்த வைன் கிண்ணங்கள் ஆறு உண்டு. லொறி போகும்போதெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் தாங்காமல், கிண்ணங்களுக்கு இடையே கைக்குட்டைகளை மடித்துச் செருகி வைத்தார். சன்னல் திண்ணையை நான் ஈரத்துணியால் துடைப்பேன். மறுநாள் காலை மறுபடியும் கறுத்திருக்கும். இத்தனைக்கும், அந்தப் பாலத்தின் தூண்கள் எழும்பியபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு நடந்து போய்ப் பார்த்தவர் அவர். "அப்போது நாங்கள் பணக்காரர்களே இல்லை. ஆனாலும் கட்டினோம்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்தச் சொல்லைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1960களின் ஜேர்மனி கட்டியதை, அதைவிடப் பல மடங்கு செல்வம் படைத்த இன்றைய ஜேர்மனியால் பேணக்கூட முடியாமல் போனது எப்படி?

2009 இல் இந்த நாட்டின் அரசியலமைப்பில் அந்த விதியைச் சேர்த்தார்கள். மத்திய அரசு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்துக்கு மேல் நிரந்தரமாகக் கடன் வாங்கக் கூடாது. மாநிலங்கள் வாங்கவே கூடாது என்பது 2025 வரை இருந்த விதி. நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் விலக்கு. 2014 முதல் 2019 வரை மத்திய அரசு புதிதாக ஒரு யூரோகூடக் கடன் வாங்காமல் வரவு செலவுத் திட்டங்களை நிறைவேற்றியது. 2010 இல் மொத்த உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த அரசுக்கடன், 2019 இல் 60க்குக் கீழே இறங்கியது. தாங்கள் பாராட்டிய சாதனை இதுதான். கணக்குப் புத்தகத்தில் அது உண்மையும்கூட.

அதே ஆண்டுகளில் எங்கள் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் வேண்டும் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. வேலை தள்ளிப்போனது. புத்தகத்தில் கடன் குறைந்த வேகத்தில், பள்ளத்தாக்கில் இரும்பு தேய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தேய்மானத்தை எழுதிவைக்க அரசின் பேரேட்டில் ஒரு பத்திகூட இல்லை.

கைதடியில் எங்கள் வீடு நான் பத்து வயதாகும்வரை கிடுகுக் கூரை. ஐப்பசி மழைக்கு முன் மேய வேண்டும். ஒரு வருடம் புகையிலை விலை படுத்துவிட்டது, கையில் காசில்லை. ஐயா சீட்டை முன்கூட்டியே, கழிவு கொடுத்து எடுத்தார். அது கடன்தானே என்று அம்மா கவலைப்பட்டார். "மேயாமல் விட்டால் மண்சுவரும் சேர்ந்து போய்விடும். பிறகு சுவருக்கும் சேர்த்துக் கடன்பட வேண்டும்" என்றார் ஐயா. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். பெர்லினில் பெரிய பெரிய பொருளாதாரப் பட்டம் பெற்றவர்கள் பத்து வருடம் கூரை மேயாமல் இருந்துவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்று சொன்னதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் காலத்தில் கடன் எவ்வளவு மலிவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் ஜேர்மன் அரசு 30 ஆண்டுக் கடன் பத்திரத்தை வட்டியே இல்லாமல் விற்றது. வாங்கியவர்கள் கொடுத்த பணத்தைவிடச் சற்றுக் குறைவாகவே முப்பது ஆண்டு கழித்துத் திரும்பப் பெறுவார்கள். உலகமே இந்தா பணம், பத்திரமாக வைத்திரு என்று கொண்டுவந்து நீட்டிய காலம் அது. அன்று வாங்கிக் கட்டியிருக்க வேண்டிய பாலங்களை இன்று வட்டி கொடுத்துக் கட்டுகிறார்கள். சீமெந்தும் இரும்பும் கூலியும் கூடிவிட்டன. எங்கள் பாலம் மூடியதால் இந்தப் பகுதிப் பொருளாதாரத்துக்கு ஐந்தாண்டில் ஏற்படும் இழப்பு 1.8 பில்லியன் யூரோ என்று கொலோன் நகரின் பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டது. புதிய பாலத்தின் செலவைப்போல அது பல மடங்கு.

இந்த மலைப்பிரதேசம் ஏதோ ஒதுக்குப்புறமான விவசாயப் பகுதி என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். திருகாணி, மின்விளக்கு, குழாய்ப் பொருத்துகள், கார் உதிரிப்பாகங்கள் என்று உலகம் முழுவதும் விற்கும் நடுத்தரத் தொழிற்சாலைகள் பள்ளத்தாக்குக்கொன்றாக இருக்கின்றன. என் கணவர் அவற்றில் ஒன்றில் இரும்புத் தகடு அழுத்தும் இயந்திரத்தில் நிற்கிறார். அவருடைய குழுவில் தினமும் தெற்கேயிருந்து காரில் வந்த இளைஞர்கள் மூவர், வீதியில் நிற்க முடியாமல் வேறு ஊரில் வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்களுடைய இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஜேர்மனியின் பொருளாதாரம் 2023, 2024 இரண்டு ஆண்டும் சுருங்கியது. ரஷ்ய எரிவாயு நின்றது, சீனச் சந்தை கைமாறியது என்று காரணங்கள் பல. ஆனால் அந்த அடிகளைத் தாங்க வேண்டிய நேரத்தில் நாட்டின் வீதியும் ரயிலும் தளர்ந்து போயிருந்தன. 2024 இல் நெடுந்தூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நேரத்துக்கு வரவில்லை. நகராட்சிகள் செய்யாமல் விட்ட பள்ளிக்கூட, வீதி, குழாய் வேலைகளின் மதிப்பு 200 பில்லியன் யூரோவைத் தாண்டிவிட்டது.

எல்லாப் பழியையும் அந்த ஒரு விதியின் தலையில் போட்டால் அது நேர்மையாகாது. லொறிகள் முன்பைவிடப் பாரமாகிவிட்டன. பாலம் திட்டமிடும் அரச அலுவலகங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். பணம் இருந்த இடத்திலும் படம் வரையப் பொறியியலாளர் இல்லாமல் போனது. 2024 செப்டம்பரில் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி நள்ளிரவு தாண்டி ஆற்றுக்குள் சரிந்தது. அதற்கு உள்ளே இருந்த இழுவிசை எஃகில் ஏற்பட்ட விரிசல்தான் காரணம் என்று கண்டறிந்தார்கள். ஆனால் ஆட்களைக் குறைத்ததும் அதே சிக்கன மனப்பான்மைதான். அதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்த மனப்பான்மையை ஜேர்மனி தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. ஐரோப்பா முழுவதற்கும் அதையே சட்டமாக்க முன்னின்றது. ஆண்டுப் பற்றாக்குறை 3 சதவீதம், மொத்தக் கடன் 60 சதவீதம் என்ற மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் இரண்டு எண்கள் 1992 முதல் ஐரோப்பிய அரசுகளின் தலைக்கு மேல் தொங்குகின்றன. என் குழுவில் தெசலோனிக்கியிலிருந்து வந்த கிரேக்கத் தாதி ஒருவர் இருக்கிறார். 2013 இல் வந்தவர். அந்த ஆண்டில் அவருடைய நாட்டில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலையில்லை. பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. கிரேக்க அரசுகள் முன்பு கணக்கை மறைத்து ஊதாரித்தனம் செய்தன என்பதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனையில் முதலில் வெட்டுப்பட்டவற்றில் முதலீடும் ஒன்று. சம்பளத்தை வெட்டினால் தெருவில் இறங்குவார்கள்; பழுதுபார்ப்பதை நிறுத்தினால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 2023 பெப்ரவரி 28 இரவு தெம்பி பள்ளத்தாக்கில், ஏதென்சிலிருந்து தெசலோனிக்கி போன ரயில் சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதி 57 பேர் இறந்தார்கள். பலர் விடுமுறை முடிந்து திரும்பிய மாணவர்கள். நிலைய அதிகாரியின் தவறு ஒன்று உண்டு. அந்தத் தவறைத் தடுத்திருக்கக்கூடிய சமிக்ஞைத் திட்டம் 2014 இல் ஒப்பந்தமாகியும் முடியாமல் கிடந்தது என்பதும் உண்டு. மறுநாள் காலை அந்தப் பெண் வேலைக்கு வந்தபோது நாங்கள் யாரும் பேசவில்லை. அவருடைய காரை நான் ஓட்டினேன்.

இப்போது ஜேர்மனியே மாறத் தொடங்கியிருக்கிறது. தொற்றுநோய்க்கென அனுமதித்த கடனில் 60 பில்லியன் யூரோவை அரசு காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று 2023 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் தொடங்கிய சண்டை அடுத்த ஆண்டு கூட்டணி அரசையே கவிழ்த்தது. 2025 மார்ச்சில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு அரசியலமைப்பைத் திருத்தினார்கள். உட்கட்டமைப்புக்கும் காலநிலைக்கும் 12 ஆண்டுகளில் 500 பில்லியன் யூரோ. அதில் 100 பில்லியன் மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும். பாதுகாப்புச் செலவுக்கோ, மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தைத் தாண்டியபின் வரம்பே இல்லை. தங்கள் தலையங்கம் கற்றுக்கொள்ளச் சொன்ன விதியை, அதை எழுதியவர்களே தளர்த்திவிட்டார்கள்.

நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி அதிக நாள் நிலைக்கவில்லை. அந்த நிதி வழக்கமான செலவுக்கு மேலதிகமாகவே செலவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் முதல் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே அதிவேக வீதிப் பாலங்களுக்கான பணத்தில் ஒரு பகுதியை வழக்கமான கணக்கிலிருந்து எடுத்து இந்த நிதியில் வைத்தார்கள். ஒரு பையிலிருந்து எடுத்து மறுபையில் போட்டால் புதிய பாலம் எழாது. பழைய பையில் வேறு எதற்கோ இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மக்கள் ஒரு தடவை நம்பிக் கதவைத் திறந்திருக்கிறார்கள். இந்தப் பணமும் கரைந்துவிட்டால் இன்னொரு முறை திறக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய மட்டத்திலும் இதே கவலைதான். 2024 இல் விதிகளைப் புதுப்பித்தார்கள். நாடுகள் நான்காண்டுத் திட்டம் கொடுக்கலாம், முதலீடும் சீர்திருத்தமும் செய்தால் ஏழாண்டு அவகாசம் உண்டு. முன்பைவிட நல்லது. ஆனால் கடனால் எழுப்பிய பள்ளிக்கூடமும் கடனால் கொடுத்த வரிச்சலுகையும் அந்தக் கணக்கில் இன்னும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே ஆண்டு செப்டம்பரில் மாரியோ திராகி, ஐரோப்பா பின்தங்காமலிருக்க ஆண்டுக்கு 750 முதல் 800 பில்லியன் யூரோ மேலதிக முதலீடு தேவை என்று அறிக்கை கொடுத்தார். அவர் ஊதாரி அல்லர். ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர். 2025 இல் ஆயுதச் செலவுக்காக நாடுகள் நான்கு ஆண்டுகளுக்கு வரம்பைத் தாண்டலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். ரஷ்யா உக்ரேனில் செய்வதைப் பார்க்கும்போது அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவள் நான். ஆனால் பாலத்துக்கும் ரயிலுக்கும் மின்கம்பிக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. போர்த் தாங்கிகளும் எங்கள் பாலங்களின் மேலேதானே போக வேண்டும்?

தொற்றுநோய்க் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஒன்றாகச் சேர்ந்து 750 பில்லியன் யூரோ கடன் வாங்கி, அதில் பாதிக்கு மேல் மானியமாகப் பகிர்ந்தது. நடக்காது என்று சொன்னது 2020 ஜூலையில் நான்கு நாள் கூட்டத்தில் நடந்தது. அந்த ஏற்பாடு 2026 இல் முடிகிறது. அதன் இடத்தில் என்ன வரப்போகிறது என்பதுதான் இன்று ஐரோப்பாவில் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

என் மகள் இதற்கெல்லாம் உடன்படமாட்டாள். இருபத்து நான்கு வயது. "நீங்கள் வாங்கும் கடனை நாங்கள்தானே அம்மா கட்ட வேண்டும்?" என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டாள். பிரான்சைக் காட்டினாள்: கடன் மொத்த உற்பத்தியைவிடக் கூட, 2024 இல் பற்றாக்குறை 5.8 சதவீதம், அரசுகள் அடுத்தடுத்து விழுந்தன. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கி ஒரு நாடும் நிமிர்ந்ததில்லை. மத்தளவில் விமானம் வராத விமான நிலையத்தைக் கடனில் கட்டிய நாட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் அவளிடம் கேட்டேன்: உடைந்த பாலத்தையும் உன் தலைமுறைதானே கட்டப்போகிறது? அந்தக் கடனை உன்னிடம் யாராவது சொன்னார்களா? அவள் பதில் சொல்லவில்லை. இருவரும் பாத்திரம் கழுவினோம்.

ஆகவே நான் கேட்பது வரம்பில்லாத கடன் அல்ல. ஒரு நாட்டின் பாலங்களும் குழாய்களும் ஆண்டுதோறும் எவ்வளவு தேய்ந்தன என்பதைக் கடனோடு கடனாக எழுதுங்கள். அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்யவும் அதற்கு மேல் புதிதாகக் கட்டவும் வாங்கும் கடனைத் தனியாகக் கணக்கிடுங்கள். கட்டியதா இல்லையா என்று பார்க்க, ஆளும் கட்சிக்குக் கட்டுப்படாத ஒரு கணக்காய்வு இருக்கட்டும். நகராட்சி அலுவலகங்களில் பொறியியலாளர்களை மீண்டும் அமர்த்துங்கள். இலங்கையிலும் 2024 இல் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வந்து, அரசின் செலவுக்கு உச்சவரம்பு விழுந்திருக்கிறது. அந்த வரம்புக்குள் எதை வெட்டுகிறார்கள் என்று தங்கள் பத்திரிகை கவனித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏ9 வீதியிலும் கைதடி மதகுகளிலும் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

அந்த முதல் வீட்டு அம்மா இந்த வசந்தத்தில் காலமானார். கண்ணாடி அலுமாரியைக் காலி செய்ய அவருடைய மகனுக்கு உதவினேன். கிண்ணங்களுக்கு இடையே செருகியிருந்த கைக்குட்டைகள் ஏழு. மடிப்பு நெடுக எல்லாமே கறுத்திருந்தன.

இங்ஙனம்,
கைதடியைச் சேர்ந்த ஒரு தாதி,
லூடன்ஷைட், ஜேர்மனி